மிஸ்ஸிங் அடிக்கும் பழைய வண்டி

நேயர்களுக்கு வணக்கம். 2000-ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் போன்ற துடிப்பான வண்டிகளை இன்றும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் உண்டு. 1.5 லிட்டர் இன்ஜினில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் தந்த அந்த வண்டி இழுவை குறைந்து குலுங்கத் தொடங்கியதும், காரணம் தேடாமலே பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. இப்படி ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். எந்த சிலிண்டர் எரியவில்லை என்பதை அல்லவா முதலில் அறிய வேண்டும்?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று முடிப்பதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில், நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், ஒரு சிலிண்டர் வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை எரிய வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், நல்ல சிலிண்டரில் ஓட்டம் உடனே தளரும், பழுதுள்ள சிலிண்டரில் மாற்றமே தெரியாது. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். பல்லாயிரம் வோல்ட் கையில் அடிப்பதோடு, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் சென்று புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

சிலிண்டர் தெரிந்த பின், அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரில் மாட்டுங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் காரணம்; மாறாவிட்டால் ஒயர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, இன்ஜெக்டர் என்று தொடர வேண்டும். பிளக் குழியில் ஆயில் நின்றால், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் சீல் கசிகிறது என்று பொருள்.

குளச்சல் கடற்கரையிலிருந்து என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறொரு பட்டறையில் மூன்று முறை பிளக் மாற்றியிருந்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தபோது, உள்ளே முனைகளில் உப்புக் காற்றால் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் மாறி மாறி நனைக்கும் நம் ஊரில் இது அரிதான குறை அல்ல. இருட்டில் பானட்டைத் திறந்து, ஒயர்களின் மேல் சிறிது நீர் தெளித்து, எதையும் தொடாமல் பாருங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும்.

ஐடிலில் மட்டும் குலுங்கி வேகத்தில் சீரானால், இன்ஜின் காற்றை உறிஞ்சும் பகுதியோடு இணைந்த வேக்குவம் குழாய் வெடித்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றத்தில் மட்டும் திணறினால் பெரும்பாலும் பொறியோ பெட்ரோல் அழுத்தமோ பலவீனமாக இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்து பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள்: அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள தகடு) பழுது. வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியை இன்ஜின் ஆறிய நிலையில் அளந்து சரிசெய்து வந்தாலே, எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.