தண்ணீர் வரும் வழி

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சர்வர் அறை என்றதும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேன் சென்டரில், ஜவுளிக்கடை மாடியில், கூட்டுறவுச் சங்கத்தில் ஏசி ஓயாமல் ஓடும் ஒரு சின்ன அறை இருக்குமே, அதுதான். உங்கள் பில், ரிப்போர்ட், நகைக்கடன் கணக்கு எல்லாம் அங்கே இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டரில்தான். பழைய கட்டடங்களில் அந்த அறையை மழையிலிருந்து காப்பாற்றுவது இருபது வருஷமாக என் வேலை.

தண்ணீர் என்றாலே எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளத்துக்குப் பயந்து சர்வரை இரண்டடி ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்கள். வெள்ளம் வாசல்படியைக்கூடத் தொடவில்லை. தலைக்கு மேலே கூரையிலும் ஈரம் இல்லை. ஆனால் சர்வரின் முதுகு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது!

கேபிளைத் தடவிப் பார்த்தேன், கை நனைந்தது. அதைப் பிடித்துக்கொண்டே டார்ச்சோடு போனால், கட்டடத்தின் மறுகோடி. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் அடியில் ஒரு சாண் அரசங்கன்று. அதன் வேர் பிளந்த விரிசலில் இறங்கிய மழைநீர், ஃபால்ஸ் சீலிங்குக்குள் யார் கண்ணிலும் படாமல் கேபிள் வழியாகவே நாற்பதடி நடந்து வந்திருக்கிறது. கரண்ட் போயிருந்ததால் சர்வர் பிழைத்தது.

அதனால்தான் சொல்கிறேன், கேபிள் சர்வருக்குள் நுழையும் முன்னால் தூளி மாதிரி கொஞ்சம் தொங்கட்டும். வழிந்து வரும் தண்ணீர் தூளியின் அடியிலேயே சொட்டிவிடும், மறுபடி மேலே ஏறாது. காசு செலவில்லாத வேலை. மறந்துவிடாதீர்கள், தூளி மாதிரி.

இன்னொன்று, இது எனக்கு மனத்தாங்கலான விஷயம். நம் ஊர்ப் பழைய மாடிகள் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பால் போட்ட தளம். ஒழுகுகிறது என்றதும் அதன்மேல் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் விறைப்பானது, சுண்ணாம்போடு சேர்ந்து அசையாது, வெடித்துவிடும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் அடியிலேயே தங்கி உத்தரத்தை உளுக்க வைக்கும். சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறார். தேடுங்கள், கிடைப்பார்.

2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு மாடித் தூம்புவாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் போதும், மாடியே குளம். ஐப்பசி பிறக்கும் முன் ஆள் ஏற்றித் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள், அரசங்கன்றை வேரோடு எடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஏசி தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்தால் வெயில் காலத்திலும் உள்ளே ஒழுகும், மாதம் ஒருமுறை பாருங்கள். சர்வர் நனைந்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடுகிறதா என்று ஆன் செய்து மட்டும் பார்க்காதீர்கள். வணக்கம்.