நீல டிரம்முக்குள் பார்த்தது

ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும், முன்வரிசையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடிப் பெண். 2019 கோடையில் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. உங்களில் பலர் அப்போது சின்னக் குழந்தைகள். அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள். லாரி ஹாரன் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவோம். அந்தக் கோடையில்தான் எங்கள் வீட்டுக்கு 200 லிட்டர் நீல டிரம் வந்தது. அப்புறம் மழை பெய்தது, ஏரி நிரம்பியது. டிரம் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்தேன். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் சேர்ந்தேன். ஒரு மழைக்காலத்தில் எங்களை வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க அனுப்பினார்கள். ஒரு வீட்டு டிரம்மில் டார்ச் அடித்தேன். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அதில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மாலை வீட்டுக்கு வந்ததும் எங்கள் டிரம்மைத் திறந்து பார்த்தேன். அதிலும் இருந்தன.

அன்றிரவு வகுப்பில் படித்த கொசுப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். அம்மா வாராவாரம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தார். தேய்க்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் வலித்தது. பாடத்தில் இருந்த அந்த ஒரு வரி எங்கள் வாசலுக்கு வந்து சேரவே இல்லையே!

அதற்குப் பிறகு மணிக்கணக்குப் பார்த்து நான் நலப்பணிக்குப் போனதில்லை. குடிநீர் பக்கம் கவனம் திரும்பியது. குழாயில் நேராகப் பிடித்த தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதே தண்ணீர் எங்கள் குடத்தில் இரண்டு நாள் இருந்தபின் சொட்டு விட்டேன். நிறமே மாறவில்லை. குளோரின் தீர்ந்துபோன குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்கிறோம், விரலும் நனைகிறது.

எதிர்வீட்டு ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "முப்பது வருசமா இப்படித்தான் குடிக்கிறேன் கண்ணு" என்றார். சரி என்று, மருந்துத் தாள் போட்ட சின்னப் பாட்டிலில் அவர் குடத்துத் தண்ணீரை நிரப்பி, அவர் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். மலக்கிருமி கலந்திருந்தால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஓரிரு நாளில் கருத்துவிடும். இரண்டாம் நாள் மை போலக் கருத்திருந்தது. நான் பேச வேண்டியிருக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு அடிபம்பு வரிசைக்கே போய்விட்டார் ஆயா, ஒவ்வொருவரிடமும் காட்டினார். இப்போது அவர் வீட்டில் குழாய் வைத்த மூடிப் பானை இருக்கிறது.

அதே மாதிரிப் பாட்டில்கள் அறுபது கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே மேசையில் இருக்கின்றன. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள் நிரப்பி, எந்தத் தண்ணீர், பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒட்டுத்தாளில் எழுதுங்கள். நாளை மறுநாள் மாலை நான்கு மணிக்கு வருகிறேன், சேர்ந்தே பார்ப்போம்.