எலன் டெர்ரி பிறந்த ஆண்டு எது?

அவைத் தலைவர் அவர்களே, நாடக வரலாற்றில் ஈடுபாடு கொண்டு இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் மேடையில் நடித்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்குக் கிடைப்பது அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன செய்திகள்தாம். எந்த நாடகத்தில் எந்த வேடம் கட்டினார், யாரிடம் தொழில் கற்றார் என்பதற்கெல்லாம் அவரே நல்ல சாட்சி. ஆனால் தாம் பிறந்த நாளுக்கு எவரும் சாட்சி சொல்ல முடியாது. பிறர் சொல்லக் கேட்டதைத்தான் சொல்ல முடியும். இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்த பிழை ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆங்கில மேடை நடிகை எலன் டெர்ரியின் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1906 ஜூன் 12 அன்று ட்ரூரி லேன் அரங்கில் அவருடைய மேடை வாழ்வின் பொன்விழாவை லண்டன் கொண்டாடியது. 1908-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில், 1848 பிப்ரவரி 27 அன்று கவென்ட்ரி நகரில் பிறந்ததாக எழுதினார். அவரே எழுதிவிட்ட பிறகு ஐயப்படுவானேன் என்று பலரும் அந்த ஆண்டையே எடுத்தாண்டார்கள். பிறப்புப் பதிவேடோ 1847 என்கிறது.

அந்தப் பதிவேட்டை ஏன் நம்புகிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசு பிறப்புகளைப் பதிந்து வருகிறது. அக்காலப் பதிவேட்டில் பிறந்த நாளும் இடமும், குழந்தையின் பெயர், பாலினம், தந்தை பெயர், தாயின் பெயரும் திருமணத்திற்கு முந்தைய குடும்பப் பெயரும், தந்தையின் தொழில், தகவல் தந்தவரின் கையொப்பமும் முகவரியும், பதிந்த தேதி, பதிவாளரின் கையொப்பம் என்று ஒரே வரியில் கட்டம் கட்டமாக எல்லாம் அடங்கியிருக்கும். இவற்றுள் நான் முதலில் பார்ப்பது பதிந்த தேதியைத்தான். குழந்தை பிறந்து சில வாரங்களுக்குள், பெற்றவளோ அருகிருந்தவரோ நேரில் வந்து சொன்ன செய்தி அது. அறுபது வயதில் நினைவிலிருந்து எழுதிய வரியை அதற்கு ஈடாக வைக்க முடியுமா?

தேடுவோர் இடறும் இடம் ஒன்று உண்டு. பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்தது; பதிவுகளைத் தேட உதவும் அகரவரிசைப் பெயர்ப் பட்டியலோ பதிந்த காலாண்டின்படி அமைந்தது. எனவே பிப்ரவரி இறுதியில் பிறந்த குழந்தையை மார்ச் காலாண்டில் காணவில்லை என்றால், ஜூன் காலாண்டையும் புரட்ட வேண்டும். முதற்பெயரை மட்டும் நம்புவதும் போதாது; இவருடைய பெயரையே சில நூல்கள் ஆலிஸ் எலன் என்றும், சில எலன் ஆலிஸ் என்றும் தருகின்றன. தாயின் பிறந்தவீட்டுப் பெயர் பல்லார்ட் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் இவர்தான் என்பது உறுதிப்படும்.

ஓராண்டு முன்பின்னானால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஓவியர் ஜார்ஜ் பிரெடரிக் வாட்ஸை அவர் மணந்தது 1864 பிப்ரவரி 20 அன்று. மணமகனுக்கு 47 நிறைய மூன்றே நாள் இருந்தது. மணமகள் 1848-இல் பிறந்தவர் என்றால் அன்று அவருக்கு வயது 15. 1847 என்றால் 16. அந்த மணவாழ்வைப் பற்றி எழுதும் எவரும் முதலில் சுட்டிக்காட்டுவது அந்த வயதைத்தான். அதில் பிழை இருந்தால், அதன்மேல் எழுப்பும் தீர்ப்பும் கோணலாகிவிடும்.

அவர் வேண்டுமென்றே வயதைக் குறைத்துச் சொன்னார் என்று நான் கருதவில்லை. பெற்றோர் பெஞ்சமினும் சாராவும் ஊர் ஊராகச் சென்று நடித்தவர்கள். பிள்ளைகள் நிறைந்த வீடு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஓராண்டு பிசகுவது இயல்பே.

அவர் சொன்னதெல்லாம் பிழை என்றும் கொள்ளக் கூடாது. 1856-இல் பிரின்சஸ் அரங்கில், ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் சிறுவன் மாமில்லியஸாக முதன்முதலில் தோன்றியதாக அவர் சொன்னதற்குத் தனிச் சான்று உண்டு. பின்னாளில் லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற சார்லஸ் டாட்ஜ்சன், அவ்வாண்டு ஜூன் 16 அன்று அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, மாமில்லியஸாக நடித்த குழந்தையை வியந்து நாட்குறிப்பில் எழுதினார். அன்று எலன் மேடையில் இருந்தார் என்பதற்கு அது வலுவான சான்று. அவருக்கு அப்போது எட்டு வயதா ஒன்பதா என்பதற்கு அல்ல.

மேடைப் பெயர்கள் இன்னொரு சிக்கல். எலனுடன் நடித்த நடிகர் ஹென்றி இர்விங்கை 1838-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் அப்போது ஜான் ஹென்றி பிராட்ரிப். எலனின் இரண்டாம் கணவர் சார்லஸ் கெல்லியின் உண்மைக் குடும்பப் பெயர் வார்டெல். 1907-இல் எலன் மூன்றாவதாக ஜேம்ஸ் கேருவை மணந்ததோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில். அதை இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் தேடி ஏமாந்து, மணமே நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துணைக்கு வரும். ஆனால் அதில் வயதைச் சொன்னவர் யார் என்று கேட்டே பயன்படுத்த வேண்டும். ஊர் சுற்றும் நடிகர் கணக்கெடுப்பு நடந்த இரவில் தங்கியிருந்தது வாடகை அறையாக இருந்தால், வயதைச் சொன்னது வீட்டுக்காரியாகவும் இருக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸின் 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942-இல் தீயில் அழிந்துவிட்டன. அந்த ஓராண்டுக்கு அந்த வழி அடைபட்டது.

எலன் பிறந்த வீட்டைப் பற்றியும் ஒரு பிணக்கு இருந்தது. கவென்ட்ரியின் மார்க்கெட் தெருவில் இரண்டு வீடுகள் அந்தப் பெருமைக்குப் போட்டியிட்டதை எலனே எழுதியிருக்கிறார். அவரைப் பற்றி நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வீட்டையும் குறிப்பிடவில்லை. '1847 பிப்ரவரி 27, கவென்ட்ரி' என்று எழுதி, அதனடியில், '1848 என்பது அவருடைய தன்வரலாற்றில் கண்ட ஆண்டு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பழைய நூல் ஒன்றில் 1848-ஐப் பார்த்துவிட்டு நாளை என் குறிப்பைத் திருத்த வருபவருக்காக எழுதிய வரி அது.