நாலு தலைப்பெழுத்தும் ஒரு வாடகைக் காரும்

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது நாட்டரசன்கோட்டையில் எங்கள் வீட்டு வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். மின்விசிறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த வெயிலில் அதை நிறுத்த முடியாது. இந்த முறை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஏன் பஸ் என்பதுதான் இன்றைய பேச்சு.

போன தை மாதம் செவ்வாய்ப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, இங்கே கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் இவ்வூர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள். கணக்கு எல்லாம் புள்ளிக் கணக்கு. கல்யாணமான ஆணும் அவன் குடும்பமும் ஒரு புள்ளி. சென்னையிலிருந்து மதுரை வரை ரயில். அங்கே நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்குமே, அந்த வகை. நான்கு நாளைக்கு 11,340 ரூபாய். பதினைந்து நாளுக்கு முன்பே கார்டில் கட்டிவிட்டேன்.

ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு கார் எடுக்கும் இடத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் என் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தான், கணினியைப் பார்த்தான், மறுபடி உரிமத்தைப் பார்த்தான். "சார், பெயர் ஒத்துவரவில்லை."

எங்கள் பக்கத்துப் பெயர்கள் உங்களுக்குத் தெரியும்தானே? ஆர்எம். என்றால் ராமநாதன், பிஎல். என்றால் பழனியப்பன். ஓர் ஆளுக்கே இரண்டு எழுத்து. அய்யா, அப்பச்சி (எங்கள் பக்கத்தில் தாத்தா, அப்பா) என்று இரண்டு தலைமுறை சேர்ந்தால் நாலு எழுத்து. என் உரிமத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. முன்பதிவுப் படிவத்திலோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். புள்ளி வைத்தால் ஏற்கவில்லை, கடைசிப்பெயரைக் காலியாக விட்டாலும் ஏற்கவில்லை. சரி என்று அப்பச்சி பெயரை முழுதாகத் தட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

ஆத்தா நேராகக் கவுண்டருக்குப் போய், "தம்பி, இவன் அப்பச்சி பேரைச் சொல்லட்டுமா, அவருக்கு அப்பச்சி பேரையும் சொல்லட்டுமா? எழுத்தெல்லாம் சரியாக வரும், பார்த்துக்கொள்" என்றார்கள். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, எனக்குப் புரிகிறது. கம்ப்யூட்டர் விடாது." அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆதார் காட்டினேன், பணம் கட்டிய கார்டையும் காட்டினேன். மேலிடத்துக்குப் போன் போட்டான். முடியாது என்று பதில்.

நான் கத்திக்கொண்டிருந்தேன். காரியத்தைப் பார்த்தவர் என் மனைவி. "கார் தர மறுத்தோம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். எழுதித் தர மாட்டார்களாம். அங்கே நின்றபடியே போனில் ஒரு மின்னஞ்சல் எழுதினார். முன்பதிவு எண், தேதி, மணி, நாங்கள் அசல் உரிமத்தோடு வந்தது, எந்தக் காரணம் சொல்லி மறுத்தீர்கள் என்பது, எல்லாம் ஆறு வரியில். கவுண்டர் பலகை தெரியும்படி ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்து, கார் நிறுவனத்துக்கும் முன்பதிவு செய்த இணையதளத்துக்கும் அனுப்பினார். அந்தப் பையன் பெயரை எழுதவில்லை, அவனுக்கு எதற்கு வம்பு.

நான்கு நாள் கழித்து வந்த பதிலைக் கேளுங்கள்: "வாடிக்கையாளர் குறித்த நேரத்தில் வரவில்லை. ஆகவே தொகை திரும்பத் தரப்படாது." வரவில்லையாம்! ஆத்தா பரம்பரையையே ஒப்பித்த இடத்துக்கு நாங்கள் வரவேயில்லையாம். முன்பணம் கட்டிய வாடகைக் காரில் சூட்சுமம் இதுதான். அவர்கள் மறுத்ததும் நீங்கள் வராததும் அவர்கள் கணினியில் ஒரே பொத்தானாக இருந்துவிடலாம். எழுத்தில் எதுவும் இல்லாமல் டாக்சி பிடித்துப் போயிருந்தால், நான் வந்ததற்குச் சாட்சி என் கோபம் மட்டும்தான்.

அடுத்த இரண்டு வாரம் பந்தாட்டம். இணையதளம் கார் நிறுவனத்தைக் கேள் என்றது, நிறுவனம் இணையதளத்தைக் கேள் என்றது. கார்டு கணக்கில் பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்று பாருங்கள். வங்கியில் முறையிடும்போது பிடிக்க வேண்டியது அவரைத்தான். எனக்கு அது இணையதளம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிபந்தனைகளில் "உரிமத்தில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் படிக்கவில்லை. அந்த வரியைக் காட்டிக் காரை மறுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். கார் அவர்களிடமே நிற்கும்போது நாலு நாள் வாடகை முழுவதும் எதற்கு? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத்தொகையை நுகர்வோர் மேல் சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்றது என்று இருக்கிறது. அதை அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதினேன். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே புகார் கொடுப்பதானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையமே போதும். வக்கீல் நண்பர் சொல்லித்தான் எனக்கே இது தெரியும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட அதிகாரமில்லை. எனக்கு அதில் ஒரு மன்னிப்புக் கடிதம்தான் கிடைத்தது.

பணத்தைக் கொண்டுவந்தது வங்கி. கார்டில் கட்டியிருந்தால் "பணம் வாங்கிவிட்டுச் சேவை தரவில்லை" என்று வங்கியிடம் எழுதிக் கொடுக்கலாம். சார்ஜ்பேக் என்பார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, நிறுவனம் இன்று தருகிறது, நாளை தருகிறது என்று காத்திருந்தால் கெடு போய்விடும். நான் கொடுத்தவை: மனைவி அனுப்பிய மின்னஞ்சல், கவுண்டர் படம், அன்றைய ரயில் டிக்கெட், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பிடித்த டாக்சியின் ரசீது. வராத ஆள் எதற்காக அதே ஊரில் அதே நேரத்தில் டாக்சி பிடிக்கப் போகிறான்? 47ஆம் நாள் 11,340 ரூபாயும் கணக்குக்குத் திரும்பியது.

பாக்கி இருப்பது டாக்சிக் கணக்கு. டிரைவரோடு நாலு நாளைக்கு 14,800. நாட்டரசன்கோட்டை, பிள்ளையார்பட்டி, காரைக்குடி, ஆத்தங்குடி என்று சுற்றினோம். டிரைவர் நல்ல மனிதர், பிள்ளைகளைக் கம்பர் சமாதிக்கு அவரே கூட்டிப்போனார். இந்தச் செலவை வங்கி தராது. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். மதுரைக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. மனுவின் முதல் வரியில் மனுதாரர் பெயர் எழுத வேண்டும் அல்லவா, உரிமத்தில் உள்ளபடியே நாலு எழுத்தையும் புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன்.