நாகசாகி மலைமேல் ஒரு ராத்திரி

வணக்கம் மக்களே! என் பின்னால் வெள்ளையாகத் தெரிகிறதே, அது சுவர் இல்லை, ஜன்னல். இந்த ஜன்னலுக்காகத்தான் மற்ற அறையைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்தேன். இப்போது மாலை ஆறு மணி. வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றுமே இல்லை!

இருப்பது ஜப்பானில், நாகசாகியின் இனாசா மலைச்சரிவில் ஒரு ஹோட்டல். மலையின் உயரம் 333 மீட்டர், டோக்கியோ டவரும் அதே உயரம்தான். 2012இல் ஹாங்காங், மொனாக்கோவோடு சேர்த்து உலகின் புதிய மூன்று பெரிய இரவுக் காட்சிகளில் ஒன்றாக நாகசாகியை அறிவித்தார்கள். அதைப் பார்க்க வந்தவன்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, குளித்துவிட்டாவது வருவோம் என்று யுகாத்தா என்ற ஜப்பானியப் பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வராந்தாவில் எதிரே வந்த பணியாளர் அம்மா ஒருவர் பதறிப்போய் என் முன்னால் வந்து நின்றுவிட்டார். வலது மடிப்பை மேலே போட்டிருக்கிறேனாம். அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை! அவரே தன் உடையைத் தொட்டுக் காட்டினார்: எப்போதும் இடது மடிப்புதான் மேலே. குளியல் தொட்டியில் இறங்கும் முன் வெளியே சோப்புப் போட்டு முழுசாகக் குளித்துவிட வேண்டும், அதுவும் நினைவிருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. தட்டில் மீன் துண்டு இருக்காது, ஆனால் சூப்பு, குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்ற சாறே பெரும்பாலும் காய்ந்த மீனைச் சீவிய துருவலில்தான் வருகிறது. முன்பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. சோறும் ஊறுகாயும் நன்றாக இருந்தன.

அப்புறம் ஒன்பது மணி வாக்கில் பனி விலகியது. அட! வெளிச்சம் சமதளத்தில் நிற்கவில்லை மக்களே, மலைகளில் ஏறுகிறது. இங்கே வீடுகளே படிக்கட்டு மாதிரி சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவில் கருப்பாகத் துறைமுகம். வலது ஓரத்தில் மெகாமி பாலம். கேமராவில் இதில் பாதிகூட வரவில்லை.

இப்போது காலை ஆறு மணி. இடது பக்கம் ஒரு பள்ளத்தாக்கு தெரிகிறதா? அதுதான் உராகாமி. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02க்கு அணுகுண்டு வெடித்தது அதன் மேல்தான். வலது பக்கம் பழைய நகரம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் கொம்பிரா மலை தடுத்ததால்தான் அந்தப் பக்கம் சேதம் குறைவு. அன்றைக்குக் குண்டு கொண்டுவந்த விமானம் முதலில் போனது கொக்குரா என்ற வேறொரு நகரத்துக்கு. அங்கே மூட்டத்தில் இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் இங்கே திரும்பிவிட்டது. நேற்று சாயங்காலம் பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்... சரி.

உராகாமியில் இப்போது டிராம் ஓடுகிறது. சாப்பிட்டுவிட்டு ரோப்வேயில் கீழே இறங்கி அங்கேதான் போகப் போகிறேன். காலைச் சாப்பாட்டுக்கும் தாஷி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.