கோட்டா யார் பெயரில்?

(காரைக்குடியில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: வெளிநாட்டுத் துணிமணிக்கு அரசு விதிக்கும் இறக்குமதிக் கோட்டா நம் நெசவாளரைக் காக்குமா, காக்காதா? ‘காக்காது’ அணியின் இரண்டாம் பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனியில் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஐயாமார்களே, முன்வரிசையில் இருக்கிற ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். 1939இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் விழா தொடங்கிய ஊர் இது. பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர். இங்கே சும்மா கத்தினால் கைதட்டல் விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணனுக்கு மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது.

அண்ணன் என்ன சொன்னார்? மான்செஸ்டர் துணியைக் கொண்டுவந்து கொட்டி வெள்ளைக்காரன் நம் தறிகளை ஒழித்தான் என்றார். சரி, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள்: அதே வெள்ளைக்காரன் தன் நாட்டில் நம் துணிக்குத் தடை போட்டுத்தான் தன் நெசவாளியைக் காப்பாற்றினான், நாமும் வருஷத்துக்கு இத்தனை பீஸ்தான் உள்ளே வரலாம் என்று கோட்டா போட்டால் நம் ஊர்க் கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் பிழைத்துக்கொள்வார் என்று. அங்கேதான் நான் அண்ணன் கையைப் பிடிக்கிறேன்.

இங்கிலாந்து தடை போட்டது உண்மை. 1700இல் ஒரு சட்டம், போதாது என்று 1721இல் அதைவிடக் கடுமையாக இன்னொரு சட்டம். யாருக்காகப் போட்டார்கள்? கம்பளி நெய்கிறவனுக்காக, லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்கிறவனுக்காக. அந்த நெசவாளிகள் 1719இல் தெருவில் இறங்கி, நம் ஊர் அச்சுப் பருத்தி கட்டிப் போன பெண்களை விரட்டி, உடுத்தியிருந்த துணியையே கிழித்துக் கலாட்டா செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் 1721. இந்தியத் துணி நின்றது. அந்த இடத்தில் கம்பளியும் பட்டும் வந்து உட்கார்ந்தனவா? அதே இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர்க்காரன் பருத்தியோடு வந்து உட்கார்ந்தான். பாவு என்கிற நீள நூல் லினன், ஊடை என்கிற குறுக்கு நூல் பருத்தி என்று கலந்து நெய்து, ‘இது தடை செய்த துணி இல்லை, வேறு துணி’ என்றான். 1736இல் சட்டமே அதற்கு வழிவிட்டது. 1774இல் உள்நாட்டுப் பருத்தித் துணிக்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுத் தறிகள் அடுத்த நூற்றாண்டில் ஓய்ந்து போயின.

‘நாடு வளர்ந்ததா இல்லையா?’ என்று அண்ணன் கேட்பார். வளர்ந்தது ஐயா. நம் தலைப்பு நாடு வளருமா என்பது இல்லையே! நெசவாளரைக் காக்குமா என்பதுதானே? யார் பெயரைச் சொல்லிச் சட்டம் போட்டார்களோ அவனைக் காக்கவில்லை. நடுவர் இதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் நாட்டுக் கதையையே எடுப்போம். வெளிநாட்டு ரெடிமேட் துணிக்கு இந்தியா பல பத்தாண்டுகள் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தது. கோட்டா என்று சொல்வதுகூட மரியாதை, கிட்டத்தட்டப் பூட்டு. உலக வர்த்தக அமைப்பில் வழக்கு நடந்து, 2000 ஏப்ரலில் 714 பொருட்களுக்கும், 2001 ஏப்ரல் 1 அன்று மீதி 715 பொருட்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு போனது. துணிமணிக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அதுவரைக்கும் வெளிநாட்டுச் சேலை நம் ஊருக்கு எப்படி வந்தது? சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவர்களின் பெட்டியில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் சுற்றி நின்றது யார் என்று நான் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள், அது போதும்.

அந்தப் பூட்டிய காலத்தில் கைத்தறிக்காரர் செழித்தாரா? செழித்திருந்தால் 1985இல் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் எதற்குக் கொண்டுவந்தது? கரை போட்ட சேலை, வேட்டி, துண்டு என்று முதலில் 22 ரகங்களைப் பட்டியல் போட்டு, ‘இதைத் தறியில் கையால்தான் நெய்ய வேண்டும், விசைத்தறியில் ஓட்டக் கூடாது’ என்று சட்டம் சொன்னது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இன்றைக்கு அந்தப் பட்டியலில் மிச்சம் 11 ரகம். அண்ணன் அவர்களே, 1985இல் வெளிநாட்டுத் துணிக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. அப்புறம் யாரிடமிருந்து காப்பாற்றினோம் நம் நெசவாளரை?

உள்ளூர்க்காரனிடமிருந்துதான்.

இங்கே ஒரு நிமிஷம். முன்வரிசையில் ஓர் ஆச்சி அசல் கண்டாங்கி கட்டி வந்திருக்கிறார்கள். கடுகு மஞ்சளில் கட்டம், அரக்குக் கரை. அந்தக் கட்டம் துணியில் எப்படி விழுகிறது? பாவிலேயே நிறம் மாற்றி நூல் ஓட்டியிருப்பார்கள். ஊடைக்கு நெய்கிறவர் குழித்தறியில் உட்கார்ந்து, நிறம் மாறும் இடத்திலெல்லாம் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடி ஒரே சீராக விழாவிட்டால் சதுரம் நீளச் சதுரமாகிவிடும். ஆச்சி தப்பாக நினைக்கக் கூடாது, முந்தானையைக் கொஞ்சம் புரட்டிப் பக்கத்து ஆச்சியிடம் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். இப்போது கடைத்தெருவில் ‘செட்டிநாடு காட்டன்’ என்று விலை குறைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். மேலே கட்டம் பளிச்சென்று இருக்கும், அடியில் வெளுத்திருக்கும். அது நெய்த கட்டமே இல்லை, அச்சடித்த கட்டம். பெயரில்தான் காட்டன், தொட்டால் வழுக்கும். அந்தச் சரக்கு சீனாவிலிருந்தா வருகிறது? பெரும்பாலும் சூரத்திலிருந்து லாரியில் வருகிறது. இல்லையென்றால் நம் மாநிலத்து விசைத்தறியிலிருந்தே வருகிறது. சூரத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவே கஸ்டம்ஸ் இருக்கிறதா ஐயா, கோட்டா போட?

2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். போலிக்கு அந்தப் பெயரை ஒட்டினால் வழக்குப் போடலாம். வழக்குப் போட ஆள் வேண்டும், கடைக்கடையாக ஏறிச் சோதிக்க ஆள் வேண்டும். அதைச் செய்யுங்கள் என்று எதிரணியும் நாங்களும் சேர்ந்தே கேட்போம். அதை விட்டுவிட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய்ச் சட்டையை எண்ணிக்கொண்டிருந்தால் இந்தத் தறிக்கு என்ன வந்தது?

சரி, கோட்டா போட்டால் யாருக்கு வரும்? அதை நான் சொல்கிறேன், கொஞ்ச காலம் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்தவன் என்ற உரிமையில். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974 முதல் பல்லிழை ஒப்பந்தம் என்ற பெயரில் நம்மைப் போன்ற நாடுகளின் துணிக்கு அளவு வைத்திருந்தன. 1995 முதல் படிப்படியாகத் தளர்த்தி 2004 கடைசி நாளோடு முடித்தார்கள். முப்பது வருஷம்! அவர்கள் வைத்த அளவை இங்கே ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். போன வருஷங்களில் அதிகம் அனுப்பியவருக்கு அதிகம். கோட்டா கைமாறலாம், அதற்கு ஒரு விலை, பிரீமியம் என்று பெயர். சில ஆட்கள் ஒரு பீஸ்கூடத் தைக்காமல், இருக்கிற கோட்டாவை விற்றே பிழைத்தார்கள். புதிதாகப் பத்து மிஷின் போட்டவர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டாவுக்கு அலைவார். பிரீமியம் கொடுத்தது போக அவருக்கு மிஞ்சுவது நூல் கழிவுதான்.

இதையே இறக்குமதிக்குத் திருப்பிப் பாருங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம், வெளிநாட்டுச் சட்டை இங்கே வந்து இறங்கும்போது 300 ரூபாய், நம் சட்டை 400. அளவு போட்டதும் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும், வந்த சட்டையும் 400க்கு ஏறும். அந்த நூறு ரூபாயை எடுப்பது யார்? சுங்க வரி என்றால் அரசாங்கத்துக்குப் போகும், அதிலிருந்து கூட்டுறவுச் சங்கத்துக்கு நூல் மானியம் கொடு என்று கேட்கலாம். கோட்டா என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர் சட்டைப் பையில் போகும். அவர் தறியையே பார்த்திருக்க மாட்டார்.

அளவு போட்டதால் அமெரிக்க மில் தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. அடைத்த பக்கம் நின்ற தண்ணீர் அடுத்த பள்ளம் பார்த்து ஓடியது. தென் கொரியாவுக்கு அளவு கட்டினார்கள். கொரியக் கம்பெனி டேவூ என்ன செய்தது? அளவு கட்டாத நாடு எது என்று தேடி, 1970களின் கடைசியில் வங்கதேசத்தில் தேஷ் என்ற கம்பெனியோடு கைகோத்து, அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களைக் கொரியாவுக்குக் கூட்டிப்போய்த் தையல் பழக்கியது. இன்றைக்கு நம் எதிரணி எந்த வங்கதேசச் சட்டையைப் பார்த்துப் பயப்படுகிறதோ, அந்தத் தொழிலுக்கு வித்து போட்டதே கோட்டாதான்! இன்னொன்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் பருத்தி, கம்பளி, செயற்கை இழை என்று எழுதியிருந்தது. உடனே ராமி என்ற செடியின் நாரைக் கலந்து ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை, கோட்டாவும் இல்லை. 1986இல் பட்டியலைத் திருத்தும்வரை அந்த வியாபாரம் அமோகமாக நடந்தது. வியாபாரி புத்திக்கு முன்னால் பட்டியல் எம்மாத்திரம்? இதை நான் செட்டிநாட்டில் வந்து விளக்க வேண்டுமா!

கோட்டா போனதும் திருப்பூர் அவ்வளவுதான் என்று 2004இல் அங்கே பேசாத டீக்கடை இல்லை. இன்றைக்குத் திருப்பூரின் ஏற்றுமதி வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய் அளவில் நிற்கிறது. அதில் மதுரை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து போய் வேலை பார்க்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்தக் கூட்டத்தைக் கேட்டாலே தெரியும். அந்தத் திருப்பூருக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நாம் எல்லோரும் சேர்ந்து அநியாயம் என்றோம். அநியாயம்தான். அடுத்தவன் கதவைச் சாத்தினால் அநியாயம், நாம் சாத்தினால் தர்மமா அண்ணே?

எதிரணித் தங்கை 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்ததைச் சொன்னார். அழகாகச் சொன்னார். அரண்மனை போன்ற வீடுகளில் குவிந்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்து அவர் வருத்தப்பட்டுப் பேசியது உண்மை. ஆனால் அவர் யாரிடம் பேசினார்? வாங்குகிறவரிடம். கதர் கட்டு என்று உடுத்துகிறவரிடம் கேட்டார். லைசென்ஸ் கொடு என்று அதிகாரியிடம் கேட்கவில்லை. அந்தக் காந்தியை எங்கள் அணிக்குக் கொடுத்துவிடுங்கள் தாயி.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று. 2025 ஏப்ரலில் வங்கதேசம் நம் நூலைத் தரைவழியாக எடுப்பதை நிறுத்தியது. மே மாதம் நாம் அவர்களுடைய ரெடிமேட் துணி தரைவழியாக வரக் கூடாது, மும்பைப் பக்கம் நவசேவா, கொல்கத்தா இரண்டு துறைமுகம் வழியாக மட்டும்தான் என்றோம். அளவு போடவில்லை, வழியைத்தான் சுருக்கினோம். அதற்கே இரண்டு பக்கமும் சரக்கு தேங்கியது. அவர்கள் தைக்கிற சட்டைக்கு நூல் எங்கிருந்து போகிறது? இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்குகிற நாடே வங்கதேசம்தான். நம் நாட்டு நூற்பாலைகளில் கிட்டத்தட்டப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ராஜபாளையத்திலும் திண்டுக்கல்லிலும் கதிர் ஓட்டுகிற பெண்ணின் சம்பளமும் அந்தச் சட்டைக்குள் இருக்கிறது. அதற்குக் கோட்டா போட்டால் அடி முதலில் விழுவது அந்தப் பெண்ணுக்கு.

அடுத்து எதிரணியில் பேச வருகிற தம்பிக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். நாளைக்கே உங்கள் கோட்டா வருகிறது, லைசென்ஸ் ஃபாரம் அச்சடித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் காரைக்குடித் தறிக்காரர் ஒருவரின் பெயரை எழுத முடியுமா? இறக்குமதி–ஏற்றுமதி எண் கேட்பார்கள், வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், முந்தைய மூன்று வருஷ இறக்குமதிக் கணக்கு கேட்பார்கள். அவர் எதைக் கொடுப்பார்? தம்பி பதில் சொல்லட்டும், நானும் கைதட்டுகிறேன்.