கரைவதற்கென்றே ஒரு கருவி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேளாண் பொறியியல் படித்த காலத்தில், பாசனப் பாடத்துக்காக வயலில் ஜிப்சம் கட்டிகளைப் புதைக்கச் சொல்வார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கட்டி, அதற்குள் இரண்டு கம்பிகள். மண்ணில் ஈரம் இருந்தால் கட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும், மின்சாரம் எளிதாக ஓடும். மண் காய்ந்தால் கட்டியும் காயும், மின்தடை ஏறும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளில் மீட்டரை வைத்தால், வேருக்குப் பக்கத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகனில் பூயூக்கோஸ் என்ற மண்ணியல் அறிஞர் 1940இல் வெளியிட்ட முறை இது.

அந்தக் கட்டிக்கு ஒரு குறை உண்டு. மண்ணில் கிடந்து கிடந்து கரைந்துவிடும். இரண்டு போகம் கழித்து நாங்கள் தோண்டி எடுத்த கட்டி, வாயில் போட்டுச் சப்பிய கற்கண்டைப்போல மழுங்கிக் கிடந்தது. ஒரு பக்கத்தில் கம்பியே வெளியே தெரிந்தது. கரையாத கருவி வந்தால்தான் விடிவு என்றார் எங்கள் ஆசிரியர். அதுவும் வந்தது. பிளாஸ்டிக் உறையும் துருப்பிடிக்காத உலோக முள்ளுமாக, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஈரப்பத உணரிகள் இன்று கடையிலேயே கிடைக்கின்றன. சென்சார் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது ஆய்வாளர்கள் மறுபடியும் கரைகிற கருவியைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

காரணம் வயலிலேயே இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலம் முழுவதும் ஒரே மாதிரி காய்வதில்லை. வாய்க்காலை ஒட்டிய பாத்தி சேறாகக் கிடக்கும், மேட்டுப் பக்கம் அதே நாளில் வெடித்திருக்கும். என் பெரியப்பா மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, அடிமண்ணை எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்ப்பார். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட மாட்டார். நான்கைந்து இடம் பார்த்த பிறகுதான் முடிவு. ஒற்றை உணரியை நட்டுவிட்டு வயல் முழுவதற்கும் கணக்குச் சொல்வது, ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு ஊரே சாப்பிட்டாயிற்று என்று சொல்வதைப் போன்றது.

சரி, ஏக்கருக்கு ஐம்பது உணரி வைக்கலாமே? வைக்கலாம். விலை ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அறுவடைக்குப் பிறகு ஐம்பதையும் தேடிப் பொறுக்குவது. நாற்பத்தெட்டு அகப்படும், மற்ற இரண்டையும் டிராக்டரில் மாட்டி உழும் ரோட்டவேட்டர் அரைத்துவிடும். சொட்டுநீர்க் குழாயின் கிழிசல்களும் நிலப்போர்வைத் தாளின் துணுக்குகளும் ஏற்கெனவே நம் வரப்பெல்லாம் கிடக்கின்றன. அந்தக் குப்பையோடு மின்னணுக் குப்பையும் சேர வேண்டுமா?

இங்கேதான் பழைய குறை புதிய குணமாகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிரிகோரி வைட்டிங் குழுவினர், மண்ணிலேயே மக்கிப்போகும் ஈரப்பத உணரிகளை அச்சிட்டுச் செய்கிறார்கள். பத்திரிகை அச்சிடுவதைப்போலத்தான், மைக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் குழம்பு. அப்படி அச்சிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மண்ணிலிருந்துதான் ஈரத்தைப் பற்றிய செய்தி கிடைக்கிறது. மின்னேற்றத்தைத் தேக்கத் துணைசெய்யும் தன்மை தண்ணீருக்குக் காற்றைவிட ஏறத்தாழ 80 மடங்கு அதிகம், காய்ந்த மண்ணுக்கு நான்கைந்து மடங்குதான். ஆகவே சிறிது ஈரம் ஏறினாலும் தகடுகளில் தேங்கும் மின்னேற்றத்தின் அளவு பளிச்சென்று மாறிவிடும்.

உலோகத்துக்குத் துத்தநாகத்தைப் பிடித்தார்கள். அது மண்ணில் அரித்துக் கரையும், பயிருக்கும் வேண்டிய சத்து. நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்லி நாமே பரிந்துரைக்கிறோம். உணரியில் இருப்பது துளியூண்டு, அதை நம்பி உரத்தை நிறுத்திவிட வேண்டாம்!

ஆனால் கரைவது பெரிய வித்தையில்லை, அறுவடை வரை கரையாமல் இருப்பதுதான் வித்தை. மூன்று மாதப் பயிருக்கு மூன்று மாதம் சரியாக அளக்க வேண்டும், அதன் பிறகுதான் சாக வேண்டும். அந்தக் கெடுவைக் காப்பது மெழுகு. தேன்மெழுகு போன்ற இயற்கை மெழுகுகளை வெவ்வேறு விகிதத்தில் கலந்து மேலே பூசினால், ஈரமும் நுண்ணுயிரும் உள்ளே புகும் நாளைத் தள்ளிப்போடலாம். என் கண்ணுக்கு இந்த ஆராய்ச்சியின் உயிரே அந்த மெழுகுப் பூச்சுதான்.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2023இல் இன்னொரு வழியைக் காட்டினார்கள். மரக்கூழிலிருந்து எடுத்த நுண்ணிழைத் தாள், வெள்ளீயத்தில் கம்பிச்சுருள், மேலே இயற்கை மெழுகு. மின்கலம் கிடையாது. வெளியிலிருந்து கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பினால், தாளில் உள்ள சிறு சூடேற்றி சூடாகும். மண்ணின் ஈரத்துக்கேற்ப அந்தச் சூடு மாறும். மேலே வெப்பக் கேமராவைப் பிடித்தால் எந்த மூலை காய்ந்திருக்கிறது என்று படமே சொல்லிவிடும். தாளுக்குள் உரச்சத்தையும் வைத்திருக்கிறார்கள். மக்கும்போது அது பயிருக்குப் போகிறது.

இரண்டிலும் மக்குவது மண்ணுக்குள் இருக்கும் பகுதி மட்டும்தான். அளவைப் படிக்கும் கருவியும் கேமராவும் பழைய சிலிக்கான் சாமான்களே. அவை மண்ணுக்கு வெளியே இருப்பதால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

நம் ஊருக்கு வருவோம். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு கைக்கருவியை உருவாக்கியிருக்கிறது. முள்ளை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் எரிந்தால் ஈரம் தாராளம், பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம், சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். கையோடு எடுத்துப்போய் நாலு இடத்தில் குத்திப் பார்க்கலாம், என் பெரியப்பா செய்ததைப்போலவே. இன்றைய நிலையில் எனக்குப் பிடித்த கருவி அதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், அதுவும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மட்டும். அப்போது விவசாயி விளக்கின் நிறத்தைப் பார்ப்பாரா, மோட்டார் சுவிட்சைப் பார்ப்பாரா? இந்தக் கேள்விக்கு எந்தத் தாளிலும் விடை அச்சிட முடியாது.

இந்த மக்கும் உணரி பற்றி எங்கள் ஊர் மானாவாரி விவசாயி ஒருவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தாளும் மரமும் என்கிறீர்கள், கரையான் விடுமா ஐயா?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கரையானுக்கு அறுவடை எப்போது என்று தெரியாதே.

பங்குனியில் மூன்று அட்டைத் துண்டுகளைத் தேன்மெழுகில் தோய்த்து, அவருடைய நிலத்து ஓரத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தோம். மூன்று வாரம் கழித்துத் தோண்டினோம். இரண்டு துண்டுகளில் மெழுகு போட்டது போட்டபடி இருந்தது. மூன்றாவதன் மூலையில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. விரலால் அழுத்தினேன், மெழுகுக் கூடு நொறுங்கியது. உள்ளே அட்டை இல்லை, அட்டையின் வடிவத்தில் செம்மண் இருந்தது.